ஆறரை மணி லீக்

பகல் முழுக்க வாய் திறக்காத மிஷின் மாலை ஆறரை மணிக்குக் கத்தியது. ஒருநாள் ஆறு இருபத்தைந்து, இன்னொரு நாள் ஆறு நாற்பது. எப்படியும் மெக்கானிக் வேலை முடிந்து வீட்டுக்குள் வந்து கை கழுவுவதற்குள் ஆரம்பித்துவிடும். பச்சை விளக்கு மஞ்சளாகும். விரலகலத் திரையில் ‘லீக்’ என்று எழுத்து வரும். பிறகு விட்டு விட்டு ஒரு கூவல். மிஷின் வந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. ஐந்து நாளும் இதே கதை.

லீக் கண்டுபிடிப்பதுதான் அவனுக்குச் சோறு போடும் தொழில். பத்தொன்பது வருடமாக ஃபிரிட்ஜும் ஏசியும் பழுது பார்க்கிறான். மயிரிழை அளவு விரிசலைக்கூட எந்த முழங்கையில், எந்த வளைவில் என்று விரல் வைத்துச் சொல்லிவிடுவான். அவன் வீட்டு முன்னறையிலேயே, கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, செங்கல்லைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பெட்டி அவனுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தது.

கட்டிலில் இருந்தவர் அவனுடைய மாமனார். குடல்வால் உள்ளேயே வெடித்துச் சீழ் பரவியதில் வயிற்றின் வலது கீழ்ப்பக்கத்தைத் திறந்து கழுவித் தைத்திருந்தார்கள். பத்தாம் நாள் தையல் விட்டுப்போனது. ஒரு விரல் நீளம், இரண்டு விரல் ஆழம், தொடை மடிப்பை நோக்கி இறங்கும் ஒரு பள்ளம். அப்படியே இழுத்துத் தைத்தால் கிருமியையும் சேர்த்து உள்ளே பூட்டியதாகிவிடும். அடியிலிருந்து சதை வளர்ந்து தானே மேலே வரவேண்டும். அதற்குத்தான் இந்த மிஷின்.

வேலை செய்யும் விதம் எளிமையானது. கறுப்பு ஸ்பாஞ்சு ஒன்றைக் காயத்தின் வடிவத்துக்கு வெட்டிப் பள்ளத்தில் வைக்கிறார்கள். அதன்மேல், சுற்றியுள்ள நல்ல தோலையும் சேர்த்து, கண்ணாடி போன்ற ஒட்டு ஷீட்டைப் பரப்புகிறார்கள். ஷீட்டின் நடுவில் சின்னதாக ஓர் ஓட்டை. அதிலிருந்து ஒரு டியூப் பெட்டிக்குப் போகிறது. பெட்டிக்குள் ஒரு பம்ப், ஒரு டப்பா. பம்ப் உறிஞ்சத் தொடங்கியதும் ஸ்பாஞ்சு கை மூடுவதுபோலச் சுருங்கும். அது சுருங்கும்போது காயத்தின் ஓரங்களையும் தன்னோடு நடுவுக்கு இழுக்கும். ஊறிக்கொண்டே இருக்கும் கழிவுநீர் டப்பாவுக்குப் போய்விடும், வீக்கம் வடியும், வடிந்த இடத்துக்கு ரத்தம் வரும். ரத்தம் வந்தால் சிவப்புக் குருணை போலப் புதுச்சதை அரும்பும். இத்தனையும் அந்த ஷீட் மூடியிருக்கும்வரைதான். ஓரத்தில் ஒரு நூல் இடைவெளி விழுந்தால்கூட பம்ப் காயத்தை விட்டுவிட்டு அறையின் காற்றை உறிஞ்சத் தொடங்கிவிடும். ஸ்பாஞ்சு உப்பிக்கொள்ளும், நீர் தேங்கும், அழுகத் தொடங்கும்.

ஒரு நாளில் இருபத்திரண்டு மணி நேரமாவது ஓடவேண்டும் என்று சர்ஜன் சொல்லியிருந்தார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றுபோனால் ஸ்பாஞ்சை எடுத்துவிடவேண்டும். பள்ளம் மேலே வரவில்லையென்றால் மறுபடி ஆபரேஷன் தியேட்டர். இதை எல்லார் முன்னாலும் சொன்னார்கள். மயக்க மருந்து டாக்டர் மட்டும் மெக்கானிக்கின் மனைவியைத் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டு, இந்த இதயத்துக்கு இன்னொரு தடவை மயக்கம் கொடுத்தால் எழுப்புவது தன் கையில் இல்லை என்றார். அன்றிலிருந்து அந்த வீட்டில் அந்த ஷீட்தான் பெரியவரின் உயிர்.

மிஷினைப் பொருத்திய அன்றே மெக்கானிக்குக் கை பரபரத்தது. இது தன் தொழிலேதான். ஃபிரிட்ஜில் கேஸ் அடைப்பதற்கு முன்னால் குழாய்க்குள் இருக்கும் காற்றை எல்லாம் பம்ப் வைத்து உறிஞ்சி எடுத்து, வால்வை மூடிவிட்டு, கேஜ் முள்ளைப் பார்த்தபடி காத்திருக்கவேண்டும். முள் நின்றால் நிம்மதி. ஏறினால் எங்கோ காற்று புகுகிறது. மாமனாரிடம் இதைச் சொல்லவேண்டும் என்று வாய் வரை வந்தது. ஆனால் அவர்கள் இருவரும் பேசிக்கொண்டு பதினோரு வருடம் ஆகியிருந்தது.

மாமனார் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு ஃபிரிட்ஜ் கூலிங் நின்றுபோனதால்தான் மெக்கானிக் முதல்முதலாக அந்த வீட்டுக்குப் போனான். மூன்று தடவை போகவேண்டியிருந்தது. மூன்றாவது தடவை ஃபிரிட்ஜில் ஒரு குறையும் இல்லை. அடுத்த வருடம் பேராசிரியரின் மகள் கடைசி வருடப் படிப்பை அப்படியே விட்டுவிட்டு அவனோடு வந்துவிட்டாள். ‘ஃபிரிட்ஜப் பாக்க வந்தவன் பொண்ணப் பாத்துட்டுப் போயிட்டான்’ என்று அவர் உறவுக்காரர்களிடம் சொன்னது ஊர் சுற்றி இவர்கள் காதுக்கும் வந்தது. மாப்பிள்ளை என்ற சொல்லை அவர் ஒருநாளும் அவனுக்குச் செலவழித்ததில்லை. தவிர்க்கமுடியாத இடத்தில் ‘அந்த ஆளு’. இப்போது மகன் இருப்பது கடல் தாண்டி. மனைவி போய்ச் சேர்ந்து நாளாகிவிட்டது. காயத்தைப் பார்த்துக்கொள்ள மகளைத் தவிர யாரும் இல்லை என்பதால், அந்த ஆளுடைய வீட்டில், அந்த ஆளுடைய கட்டிலில் வந்து படுத்திருந்தார்.

ஒருநாள் அவர் மகளிடம் விளக்கிக்கொண்டிருந்தது சமையலறையில் இருந்த அவனுக்குக் கேட்டது. நெகட்டிவ் பிரஷர் என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் சும்மா பேருக்குச் சொல்கிறார்கள். பம்ப் எதையும் இழுப்பதே இல்லை. உள்ளே காற்றைக் குறைத்துவிடுகிறது, அவ்வளவுதான். வெளியிலிருக்கும் காற்றுதான் ஷீட்டை அமுக்குகிறது, ஸ்பாஞ்சைச் சுருக்குகிறது என்றார். ரொம்பச் சரி. தன் பட்டறையில் வேலைக்கு வருகிறவர்களுக்கு அவனும் இதையேதான் இதே வரிசையில் சொல்வான். கையிலிருந்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அவன் பின்பக்கம் போனான்.

ஆறரை மணிக்குக் கத்தினால் செய்யவேண்டியதை ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் நர்ஸ் கற்றுக்கொடுத்திருந்தாள். அப்பாவை மல்லாக்கப் படுக்கவைத்து, ஷீட்டின் ஓரத்தைச் சுற்றிலும் விரலால் நீவி, சந்தேகம் தோன்றும் இடத்தில் இன்னொரு துண்டு ஷீட் ஒட்டவேண்டும். மகள் ஒட்டுவாள். ஒட்டியதும் மிஷின் அடங்கும். பச்சை விளக்கு வரும். மறுநாள் பகல் முழுக்க நிற்கும். மாலையில் மறுபடி கத்தும்.

அவன் ஒவ்வொன்றாக யோசித்தான். மாலையில் தெருவில் எல்லா வீட்டிலும் விளக்குப் போடுவதால் கரண்ட் குறைகிறதா? மீட்டர் வைத்துப் பார்த்தான், இல்லை. பகல் வெயிலில் வேர்த்துப் பசை இளகுகிறதா? அப்படியானால் இரண்டு மணிக்கல்லவா கத்தவேண்டும். டப்பா நிரம்பிவிடுகிறதா? பாதிகூட இல்லை. மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், தினமும் வீடியோ காலில் வந்து இணையத்தில் படித்ததைச் சொன்னான். ஷீட் வேறு கம்பெனி வாங்குங்கள் என்றான். வாங்கினார்கள். அதுவும் ஆறரைக்குக் கத்தியது.

ஆறாம் நாள் திங்கட்கிழமை மாலை, அவன் ஒரு ஃபிரிட்ஜ்காரன் மட்டுமே செய்யக்கூடிய தப்பைச் செய்தான்.

மிஷின் கத்தியது. மனைவி மருந்துக்கடையில் இருந்தாள். தானே பார்த்துவிடுவது என்று முடிவு செய்து ஒரு கிண்ணத்தில் சோப்பைக் கரைத்து, சின்ன பிரஷ் ஒன்றை எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் போனான். மாமனார் கண்களை மூடிக்கொண்டார். தொடாதே என்று சொல்வதற்கும் அவனிடம் பேசவேண்டுமே. அவன் அவரை மெதுவாகப் பாதி மட்டும் சாய்த்து, ஷீட்டின் ஓரம் முழுக்க சோப்பு நுரையைத் தடவினான். குழாயில் லீக் இருந்தால் அந்த இடத்தில் நுரை முட்டை விடும். பத்தொன்பது வருடத்துப் பழக்கம்.

முட்டை விடவில்லை. விடவே விடாது. ஃபிரிட்ஜ் குழாயில் சோப்புப் போடுவது உள்ளே அழுத்தம் ஏற்றிய பிறகு. காற்று உள்ளிருந்து வெளியே தள்ளும், நுரை உப்பும். இங்கே உள்ளே அழுத்தம் குறைவு. காற்று வெளியிலிருந்து உள்ளே போகிறது. நுரையும் கூடவே உள்ளே போனது. ஒட்டியிருந்த பசைக்கு அடியில் சோப்புத் தண்ணீர் ஓடிப் பரவுவதை அவன் கண்ணால் பார்த்தான். இரண்டு நிமிடத்தில் ஒரு பக்க ஷீட் முழுதும் கழன்று வந்தது. அவன் பிரஷைக் கிண்ணத்துக்குள் போட்டான். பட்டறை எடுபிடிப் பையனுக்குக்கூடத் தெரியும். வேக்யூமுக்குச் சோப்புப் போடக்கூடாது.

நர்ஸ் நகரத்தின் மறுகோடியில் வேறொரு நோயாளி வீட்டில் இருந்தாள், மறுநாள் காலையில்தான் வரமுடியும் என்றாள். கடையிலிருந்து திரும்பிய மனைவி, நர்ஸ் போனில் சொல்லச் சொல்ல உப்புத் தண்ணீர் ஊற்றி ஊறவைத்து ஸ்பாஞ்சைப் பிய்த்தெடுத்தாள். புதுச்சதை ஸ்பாஞ்சின் துளைகளுக்குள் கொஞ்சம் வளர்ந்து பிடித்திருந்தது. எடுக்கும்போது அதுவும் கிழிந்தது. மாமனார் பல்லைக் கடித்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்தார். ஒரு முனகல்கூட இல்லை, அந்த ஆளுக்குக் கேட்டுவிடும். ஈரத்துணி வைத்துக் கட்டி முடித்த மனைவி சமையலறைக்கு வந்து, குழாயைத் திறந்து கையை வெகுநேரம் கழுவினாள். பிறகு அவன் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

“அது ஃபிரிட்ஜ் இல்லைங்க. எங்கப்பா.”

வியாழக்கிழமை சர்ஜன் பார்த்தபோது காயத்தின் அடி வெளுத்து, ஓரத்தில் மஞ்சள் கட்டியிருந்தது. யார் என்ன செய்தது என்று அவர் கேட்கவில்லை. இரண்டு வாரம் தருகிறேன், அதற்குள் அடி மேலே வரவில்லையென்றால் தியேட்டர்தான் என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

அன்றைக்குத்தான் மெக்கானிக் தன் தொழிலை ஒழுங்காகச் செய்ய ஆரம்பித்தான். லீக் எங்கே என்று தெரியாதபோது எல்லா இடத்தையும் தடவக்கூடாது. பாதியாகப் பிரிக்கவேண்டும். நர்ஸ் எதிரிலேயே டியூபில் இருந்த கிளிப்பை மூடினான். மூடிய பிறகும் மிஷின் கத்தினால் லீக் மிஷினிலோ டப்பாவிலோ. கத்தவில்லை. அப்படியானால் இந்தப் பாதி சுத்தம், குறை ஷீட்டில்தான். எங்கே என்பதற்கு முன்னால் எப்போது என்று தெரியவேண்டும். ஒரு தாளில் மணி எழுத ஆரம்பித்தான்.

வெள்ளி ஆறு முப்பத்திரண்டு. சனி பிற்பகல் மூன்று பத்து. சனிக்கிழமை பட்டறை அரை நாள். ஞாயிறு மூன்று தடவை: ஒன்பது மணிக்கு, பதினொன்றரைக்கு, நாலரைக்கு. அவன் முன்னறை வழியாக வாசலுக்குப் போனபோது, தண்ணீர்க் குடம் இறக்க வந்தபோது, டப்பா எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று எட்டிப் பார்த்தபோது.

மூன்றாவது தடவை ஒட்டுப் போட்டுவிட்டு எழுந்த மனைவி, “உங்க காத்து பட்டாலே கத்துது. நீங்க அந்தப் பக்கம் வராம இருந்தாலே போதும்,” என்று எரிந்து விழுந்தாள்.

வேறு நாளாக இருந்தால் பதிலுக்கு ஒன்று சொல்லியிருப்பான். அன்று தாளை எடுத்துப் பார்த்தான். அவள் குத்திக்காட்டுவதற்குச் சொன்னது கணக்குக்குச் சரியாக இருந்தது. ஆறரை மணிக்கு லீக் ஆவதில்லை. அவன் வரும்போது லீக் ஆகிறது; காலையில் அவர் விழிக்குமுன்பே அவன் கிளம்பிவிடுகிறான். வார நாளில் அவன் வருவது ஆறரை. மிஷின் வந்த வாரம் வேலை நெருக்கடியில் சனி, ஞாயிறும் ஆறரைக்குத்தான் வந்தான்.

மனிதன் ஒருவன் அறைக்குள் வந்தால் ஒட்டு ஷீட் ஏன் விடவேண்டும்? அவன் எதையும் தொடுவதில்லை. அவன் உள்ளே வரும்போதெல்லாம் கண்ணில் படுவது மாமனாரின் முதுகு மட்டும்தான், சுவரைப் பார்த்தபடி. அது பதினோரு வருடத்துச் சங்கதி. அவர் இங்கே வந்தது முதல் அவன் பார்த்த ஒரே காட்சியும் அதுதான் என்பதால் அதில் பார்ப்பதற்கு எதுவும் இருப்பதாக அவனுக்குத் தோன்றவில்லை.

புதன்கிழமை பாதி நாள் லீவு போட்டு நர்ஸுக்காகக் காத்திருந்தான். ஐம்பதைத் தாண்டியவள், பேச்சில் பூச்சு மெழுகல் கிடையாது. தாளை வாங்கிப் படித்தாள்.

“தம்பி, எத்தனையோ வீட்டுல இந்த மிஷினப் பாத்திருக்கேன். மருமகனுக்கு மணியடிக்கிற மிஷின இப்பத்தான் பாக்குறேன்,” என்றாள். சிரித்துவிட்டு, சிரித்ததற்காகச் சங்கடப்பட்டாள். பிறகு இருவரும் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்தார்கள்.

அவன் பின்வாசல் வழியாக வெளியேறி, வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் தெருக்கோடி வரை தள்ளிக்கொண்டு போனான். உள்ளே நர்ஸ் புது ஸ்பாஞ்சு வைத்து, தோலைத் துடைத்து உலரவைத்து, தொடை மடிப்பில் பசைக் களிம்பை நிரப்பி, ஷீட்டைத் துண்டு துண்டாக ஒட்டி முடித்தாள். அரை மணி நேரம் மிஷின் ஒழுங்காக ஓடியது. ஸ்டெதஸ்கோப்பை ஷீட்டின் ஓரத்தில் வைத்துக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். காற்று எங்கே புகுந்தாலும் சீறும், அந்தச் சீறல் கேட்கும். குறித்த நேரத்தில் அவன் தெருக்கோடியில் வண்டியைக் கிளப்பி, எப்போதும்போல வந்து, எப்போதும்போல இரண்டு தடவை முறுக்கி வாசலில் நிறுத்தினான்.

உள்ளே போகவில்லை. வாசலிலேயே நின்றான். மிஷின் கத்துவது கேட்டது.

நர்ஸ் வெளியே வருவதற்குக் கொஞ்ச நேரமானது. கதவைச் சாத்திவிட்டு வந்தாள். வண்டிச் சத்தம் கேட்டதும் பெரியவர் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார் என்றாள். சுவர் அவருக்கு இடது கைப் பக்கம். இடப்பக்கம் திரும்பினால் வலது கால் மேலே வரும். மேலே வந்த காலை யாரும் விறைப்பாக வைத்திருப்பதில்லை, முட்டியை மடக்கி முன்னால் போட்டுக்கொள்வார்கள். மடக்கினதும் வலது தொடை மடிப்பு ஆழமாக விழுகிறது. களிம்பு வெடிக்கிறது. ஷீட் மடிப்புக்குள் இறங்காமல் பாலம்போல மேலேயே நிற்கிறது. அந்தப் பாலத்துக்கு அடியில் பென்சில் நுழையும் அளவுக்குக் காற்றுக்கு வழி. சீறினது அங்கேதான்.

அப்படியானால் உட்கார்ந்து எழும்போதும் மடிப்பு விழுமே, அப்போது ஏன் கத்துவதில்லை என்று அவன் கேட்டான். உட்காரும்போதும் பாத்ரூம் போகும்போதும் மகள் உள்ளங்கையால் அந்த ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொள்கிறாள், அது நான் சொல்லிக்கொடுத்தது என்றாள் நர்ஸ். தினமும் போட்ட ஒட்டும் லீக்கை அடைக்கவில்லை. ஒட்டுப் போடுவதற்காக அவரை மல்லாக்கப் படுக்கவைத்தார்களே, அதில்தான் அடைந்தது.

விளக்கம் துளி குறையில்லாமல் பொருந்தியது. வேறு வீட்டு விஷயமாக இருந்திருந்தால் மெக்கானிக் தொடையைத் தட்டியிருப்பான்.

நர்ஸ் ஸ்டெதஸ்கோப்பைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டே, “மனசுல வச்சுக்காதீங்க தம்பி, வயசானவங்க,” என்றாள்.

“அவர் மூஞ்சியத் திருப்பிக்கிறது எனக்குப் பதினோரு வருஷமாத் தெரியும் சிஸ்டர். கால மடக்குறது மட்டும்தான் தெரியாது.”

மனைவி அப்பாவிடம் பேசிப் பார்த்தாள். திரும்பாதீர்கள், அல்லது காலையாவது நீட்டி வையுங்கள் என்றாள். அவர் இல்லவே இல்லை என்று சாதித்தார். “நான் எங்க திரும்பினேன்? அந்த ஆளு கை வச்சதுலேர்ந்து மிஷினே சரியில்ல. உங்கண்ணன்கிட்டச் சொல்லி வேற மிஷினுக்கு ஏற்பாடு பண்ணு,” என்றார். நர்ஸ் முட்டி மடங்காமல் இருக்கப் பட்டை ஒன்றைக் கட்டிவிட்டாள். மாலையில் அது கட்டிலுக்கடியில் கிடந்தது.

அன்றைக்குச் சாப்பிட்டு முடித்ததும் மனைவி தட்டை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். அவள் கேட்கப்போவது அவனுக்குத் தெரிந்தது. அவள் கேட்டுவிடக்கூடாதே என்று அவனே சொன்னான், பட்டறையில் வேலை நிறைய இருக்கிறது, கொஞ்ச நாள் அங்கேயே தங்கிக்கொள்கிறேன் என்று. வேண்டாம் என்று ஒரு வார்த்தை அவளிடமிருந்து வரும் என்று செருப்பை மெதுவாகத்தான் மாட்டினான். அவள் போர்வை எடுத்துவர உள்ளே போனாள்.

பட்டறையில் கதவு கழற்றிய ஃபிரிட்ஜ்களுக்கு நடுவில் அட்டையை விரித்துப் படுத்தான். அவன் வாடகை கொடுக்கும் வீடு, அவன் வாங்கிய கட்டில். அதில் படுத்திருப்பவர் பிழைப்பதற்கு அவன் அங்கே இல்லாமல் இருக்கவேண்டும். மறுநாள் போனில் மனைவியின் குரலில் எத்தனையோ நாளைக்குப் பிறகு தெம்பு இருந்தது. நேற்றிலிருந்து மிஷின் ஒரு தடவைகூடக் கத்தவில்லை, அப்பா நன்றாகத் தூங்குகிறார், இரண்டு வேளையும் சாப்பிட்டார் என்றாள். நீங்கள் சாப்பிட்டீர்களா என்று கேட்பதற்குள் அப்பா கூப்பிட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மறுபடி போன். குரல் வேறு மாதிரி இருந்தது. பாத்ரூமிலிருந்து எழுப்பும்போது அப்பாவுக்குக் கால் வழுக்கிவிட்டது, சுவரோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிறேன், தனியாகத் தூக்கமுடியவில்லை, உடனே வாங்க என்றாள்.

போனான். அக்குளுக்குக் கீழே கை கொடுத்து அவரை நிமிர்த்தி, ஒரு கையால் டியூபைப் பிடித்துக்கொண்டு, அரையடி அரையடியாகக் கட்டிலுக்குக் கொண்டுவந்தான். அவர் முழு எடையையும் அவன் மேல் போட்டிருந்தார். கண்கள் மட்டும் மூடியிருந்தன. கட்டிலில் கிடத்திப் போர்வையை இழுத்துவிட்டதும் சுவர்ப் பக்கம் திரும்பினார். மிஷின் கத்தியது. மனைவி அவனைப் பார்த்தாள். அவன் இல்லாமல் அப்பாவைத் தூக்கமுடியாது. அவன் இருந்தால் அப்பாவின் காயம் மூடாது. அவளுடைய இரண்டு கண்ணும் கலங்கி நின்றன. யாருக்காக என்று அவனால் சொல்லமுடியவில்லை.

அன்றைக்கு அவன் முன்னறை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு அந்த முதுகையே பார்த்தான். முதல் தடவையாக, ஒரு பழுதான பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். குழாயில் அழுத்தம் ஏறுகிறது என்றால் ஏறாதே என்று அதற்குச் சொல்லமுடியாது. அதைக் குழாய் தாங்கும் பக்கமாகத் திருப்பிவிடத்தான் முடியும். இந்த மனிதர் திரும்புவார். நாளையும் திரும்புவார், காயம் ஆறினாலும் திரும்புவார். அதை மாற்றுவதற்கு அவனிடம் சாமான் இல்லை. ஆனால் அவர் இடப்பக்கம் என்று திரும்பவில்லை. சுவர்ப் பக்கம் என்று திரும்புகிறார்.

சனிக்கிழமை காலை மனைவி அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, ஓரத்தை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு பாலைக் கொடுத்தாள். மெக்கானிக் மெத்தையை எடுத்து நிறுத்தினான். கட்டிலைச் சுவரிலிருந்து இழுத்தான். தலையணையும் முதுகுச் சரிவும் இருந்த முனையைக் கால் பக்கமாகவும், கால் இருந்த முனையைத் தலைப் பக்கமாகவும் சுற்றித் திருப்பி மறுபடி அதே சுவரோடு ஒட்டிப் போட்டான். பிளக் பாயின்ட் இப்போது எட்டவில்லை. பட்டறையிலிருந்து நீளமான வயர் ஒன்றைக் கொண்டுவந்து, கால் தடுக்காமல் இருக்கச் சுவரோரமாகவே ஆணியடித்து இழுத்தான். என்ன செய்கிறீர்கள் என்று மனைவி கேட்டாள். ஃபேன் காற்று சரியாகப் படட்டும் என்றான், மாமனாருக்கும் கேட்கும்படி.

மாலை ஆறரைக்கு வண்டியை எப்போதும்போல இரண்டு தடவை முறுக்கி நிறுத்தினான். உள்ளே வந்தான். முதுகு தெரிந்தது. ஆனால் இப்போது சுவர் அவருக்கு வலது கைப் பக்கம். வலது கால் அடியில், உடம்பின் எடையைத் தாங்கிக்கொண்டு நேராக நீண்டிருந்தது. மடங்கி முன்னால் கிடந்தது இடது கால், காயத்துக்குச் சம்பந்தமில்லாத கால். பச்சை விளக்கு எரிந்தது. அவன் கை கழுவினான். சட்டை மாற்றினான். டப்பாவை எட்டிப் பார்த்தான். பச்சையாகவே எரிந்தது. மாமனார் மணிக்கணக்கில் நிம்மதியாக அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார். சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், ஒருநாளும் கத்தவில்லை.

வியாழக்கிழமை சர்ஜன் காகித ஸ்கேலை உள்ளே இறக்கி அளந்தார். அடி சிவந்து, குருணை குருணையாகப் பாதிக்கு மேல் ஏறியிருந்தது. தியேட்டர் தேவையில்லை, இப்படியே தொடரட்டும் என்றார். மனைவி ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அண்ணனுக்கு வீடியோ கால் போட்டாள். நான் அன்றைக்கே ஷீட்டை மாற்றச் சொன்னேனே என்றான் மச்சான். மாமனார் சக்கர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, “அவ்வளவு தூரத்துல இருந்துக்கிட்டு என்னைக் காப்பாத்திட்டான் என் புள்ள,” என்றார். நாற்காலியைத் தள்ளிக்கொண்டிருந்தவன் மெக்கானிக். மனைவி ஒரு கணம் அவனைப் பார்த்தாள். பிறகு போன் திரையைப் பார்த்து, ஆமாம்ப்பா என்றாள்.

மறுநாள் நர்ஸ் ஷீட் மாற்ற வந்தாள். முடிந்ததும் மெக்கானிக்கை வாசலுக்குக் கூப்பிட்டாள். லீக் ஆகிக்கொண்டிருந்ததற்குக் காரணமும் சரிசெய்த விதமும் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுக்கவேண்டுமாம், இதே இடத்தில் காயமுள்ளவர்கள் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்களாம். என்ன எழுதட்டும் என்று கேட்டாள்.

“சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்குற பழக்கம்னு எழுதுங்க சிஸ்டர். ஏன்னு எழுத வேணாம்.”

அவன் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள்: ‘காயம் வலது தொடை மடிப்பை ஒட்டி. நோயாளி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கும் பழக்கமுள்ளவர். சுவர் இடப்பக்கம் இருந்தபோது வலது கால் மேலே வந்து மடங்கியது. மடிப்பில் ஷீட் தூக்கிக்கொண்டு காற்று புகுந்தது. கட்டிலைத் தலைமாடு கால்மாடாக மாற்றிப் போட்டதில் சுவர் வலப்பக்கம் வந்தது. திரும்பினாலும் வலது கால் அடியில் நீண்டிருக்கிறது. லீக் இல்லை.’